ஆய்வகத்தில் அமர்ந்து கவனிக்க அனுமதி பெறுவது: பினாங்கில் என் அனுபவம்

பினாங்கிலுள்ள ஓர் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் அமர்ந்து, அங்குள்ளவர்கள் அன்றாடம் செய்யும் வேலையைக் கவனித்துக் குறிப்பெடுக்க எனக்கு ஒருவழியாக அனுமதி கிடைத்துவிட்டது. அறிவியல் தத்துவத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் எனக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அதற்காகப் பட்ட அலைச்சலின் கசப்பு இன்னும் ஆறவில்லை. இதே வழியில் வர நினைக்கும் மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஆய்வு முன்மொழிவும் நெறியாளரின் ஒப்புதலும் தடையின்றி முடிந்தன. சிக்கல், மனிதர்களைப் பற்றிய ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவின் படிவத்தில் தொடங்கியது. கருதுகோள் என்ன, மாதிரி அளவு எத்தனை, கட்டுப்பாட்டுக் குழு உண்டா, பங்கேற்பாளருக்கு உடல்நலத் தீங்கு நேருமா என்று கேட்கும் அந்தப் படிவம் மருந்துச் சோதனைகளை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. ஒரு சோதனை எதிர்பார்த்த முடிவைத் தராதபோது, பிழை கருதுகோளிலா, கருவியிலா, கையாண்டவரிடமா என்பதை ஆய்வாளர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதே என் கேள்வி. அதற்கு எத்தனை பேரைக் கவனிக்க வேண்டியிருக்கும் என்பதை உள்ளே போகும் முன் எவராலும் சொல்ல முடியாது. அதை விளக்கி எழுதியும், மாதிரி அளவுக்கான கட்டத்தில் எண் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பம் திரும்பி வந்தது. கேள்வித்தாள் கொடுத்துப் பதில் வாங்கினால் போதாதா என்ற குறிப்பும் அதனுடன் இருந்தது.

அந்தக் குறிப்புக்குப் பதிலாக நான் இணைத்த பத்திதான் பின்னர் வழியைத் திறந்தது. பிரிட்டன் சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் 1974இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனின் ஆய்வகங்கள் ஒரு வகைக் கார்பன் டையாக்சைடு லேசரை உருவாக்க முயன்றதை ஆராய்ந்தார். வெளியான கட்டுரைகளை மட்டும் நம்பிய எவராலும் அதை இயங்க வைக்க முடியவில்லை. ஏற்கெனவே செய்து முடித்தவர்களோடு நேரடித் தொடர்பு வைத்திருந்தவர்களுக்கே அது கைகூடியது. கைப்பழக்கத்தில் இருக்கும் அறிவைச் செய்பவரே சொற்களில் முழுமையாகச் சொல்லிவிட முடியாது என்பதால், கேள்வித்தாள் அதைப் பிடிக்காது, உடனிருந்து பார்ப்பதே முறை என்று வாதிட்டேன். அறிவியல் நடைமுறையை ஆராயும் தத்துவவாதிகளுக்கென 2006இல் ஒரு பன்னாட்டுச் சங்கமே தோன்றிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொண்டேன். மாதிரி அளவுக்கான கட்டத்தில் 'ஆய்வகத்தின் இன்றைய உறுப்பினர்களுள் எழுத்துமூலம் சம்மதிப்போர் அனைவரும்' என்று எழுதினேன், அது ஏற்கப்பட்டது. உங்களுக்கும் இந்தத் தொடரைப் பரிந்துரைக்கிறேன்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து விடியற்காலை ரயிலில் பட்டர்வொர்த் சென்று, படகில் ஜார்ஜ்டவுனை அடைந்து, அங்கிருந்து பேருந்து பிடித்து ஆய்வகத்தின் நிர்வாக அலுவலகத்தில் நின்றபோது, ஆய்வகத் தலைவரின் இசைவுக் கடிதம் மின்னஞ்சலிலிருந்து அச்செடுத்தது, முத்திரையும் மையொப்பமும் உள்ள மூலக் கடிதம்தான் வேண்டும் என்று எழுத்தர் மறுத்துவிட்டார். இணையத்தில் அவர்கள் வெளியிட்டிருந்த பட்டியலில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. தலைவரோ அந்த வாரம் வெளிநாட்டில் இருந்தார். புறப்படுவதற்கு முன் தொலைபேசியில் கேட்பதோடு நிறுத்தாமல், தேவையான ஆவணங்களின் பட்டியலை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே எழுத்தர், மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஊழியர்களைப் பற்றிக் குறிப்பெடுக்கவே கூடாது என்றும் சொன்னார். அந்தச் சட்டம் வணிகப் பரிவர்த்தனை சார்ந்த தனிப்பட்ட தரவுகளைப் பற்றியது. ஆயினும் முகப்பில் நின்று சட்டம் பேசுவதால் கோப்பு நகராது. பெயர்களுக்குப் பதில் குறியீடுகள், பூட்டிய அலமாரியில் குறிப்பேடுகள், கடவுச்சொல்லிட்ட கோப்புகள் என்று ஒரு பக்க உறுதிமொழி கொடுத்ததும் ஆட்சேபம் நீங்கியது.

ஆய்வகத் தலைவர் கண்ணியமானவர். இசைவுக் கடிதம் தருமுன் அவருக்கு இருந்த தயக்கத்தில் நியாயமும் இருந்தது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூனோ லத்தூர் 1975 முதல் 1977 வரை கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ரோஜர் கிய்மேனின் ஆய்வகத்தில் இருந்து கவனித்ததையும், அறிவியல் உண்மைகள் அங்கே கட்டமைக்கப்படுகின்றன என்று சமூகவியலாளர் ஸ்டீவ் வூல்கருடன் சேர்ந்து 1979இல் எழுதியதையும் அவர் அறிந்திருந்தார். தம் மாணவர்களின் உழைப்பையும் அப்படி எழுதிவிடுவேனோ என்று அஞ்சினார். அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் அந்த நிறுவனத்தை நிறுவிய அறிவியலாளர் ஜோனஸ் சால்க்கே என்பதை எடுத்துச் சொல்லி, என் கேள்வி வேறு என்பதை விளக்கிய பிறகே அவர் மனம் இளகியது.

ஆனால் அங்கே ஒரு திட்டத்துக்குத் தனியார் நிதி வந்துகொண்டிருந்தது. அதற்கான ரகசியக் காப்பு ஒப்பந்தத்தின் வாசகம், நான் எழுதும் எதையும் நிதியளிப்பவர் தடுக்கலாம் என்பதாக இருந்தது. அதில் கையெழுத்திட்டிருந்தால் ஆய்வேட்டையே சமர்ப்பிக்க முடியாமல் போயிருக்கலாம். நெறியாளரும் சட்டப் பிரிவும் பேசியதில், வணிக ரகசியம் வெளிப்படுகிறதா என்பதை மட்டுமே அவர்கள் பார்க்கலாம், என் விளக்கங்களிலும் முடிவுகளிலும் தலையிடக் கூடாது என்று வாசகம் மாறியது. இந்த முழுப் போராட்டத்திலும் நான் மிகப் பெரிதாக மதிக்கும் வெற்றி இதுதான். ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

படிவம் எதுவும் கேட்காத ஒன்றை நானே வற்புறுத்திச் செய்தேன். தலைவர் சம்மதித்துவிட்டால் அனைவரும் சம்மதித்ததாகவே அலுவலகம் கருதியது. முதுநிலை மாணவர்களும் உதவியாளர்களும் அவரை நம்பி இருப்பவர்கள். அவர் எதிரில் மறுப்புச் சொல்ல அவர்களால் முடியாது. ஆகவே ஒவ்வொருவரையும் தனியே சந்தித்து, மறுக்கலாம், இடையில் விலகலாம், அது தலைவருக்குத் தெரிய வராது என்று சொல்லி ஒப்பம் பெற்றேன். ஒருவர் மறுத்தார், அவர் மேசைப் பக்கம் நான் போவதில்லை. நெடுங்காலமாகக் கருவிகளைப் பராமரித்துவரும் தமிழ் அக்கா ஒருவர், "என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, தங்கச்சி?" என்று கேட்டபடியே ஒப்பமிட்டார். மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் மையவிலக்குக் கருவியின் ஓசை மாறியதைக் கேட்டே அன்றைய மாதிரிகளை நம்பக் கூடாது என்று மாணவர்களை அவர் நிறுத்தியதை முதல் வாரத்திலேயே பார்த்தேன். பின்னர் வெளியாகும் ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் கருவியின் வேகமும் வெப்பநிலையும்தான் இடம்பெறும். அந்தத் தீர்ப்பு இடம்பெறாது. நான் தேடி வந்தது அதைத்தான்.

பாதுகாப்புப் பயிற்சியும் நுழைவு அட்டையும் ஒரே காலையில் முடிந்தன.

எனக்குக் கிடைத்த ஒப்புதல் ஓராண்டுக்கே செல்லும். இடையில் புதிய மாணவர் சேர்ந்தால் அவருடைய சம்மதத்தையும் பெற்று, பட்டியலைத் திருத்தி அனுப்ப வேண்டும். புதுப்பிப்புப் படிவத்திலும் மாதிரி அளவு கேட்கப்படுகிறது. முதல் விண்ணப்பத்தின் வாசகத்தை அப்படியே எழுதிப் பழைய ஒப்புதல் எண்ணைக் குறிப்பிட்டால் மறுபடி விளக்கம் கேட்கப்படாது என்று குழுவின் செயலாளர் சொல்லியிருக்கிறார். அதையும் எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன்.