மேஸ்திரி மறுத்த வேலைகள்

எங்கள் வட்டாரத்துப் பிளம்பர்களுக்கு நெடுங்காலம் தலைவராக இருந்த மேஸ்திரி மறைந்துவிட்டார். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் அவருடைய நேர்மையைச் சொன்னார்கள், எளிமையைச் சொன்னார்கள். எந்த இரங்கல் கூட்டத்திலும் சொல்வதுதான். சிவில் டிப்ளமோ முடித்து சைட் மேற்பார்வைக்கு வந்த காலத்திலிருந்து அவரோடு வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்தவரை, அவருக்கு இருந்த மரியாதையில் பெரும்பகுதி அவர் செய்ய மறுத்த வேலைகளால் வந்தது. அதை மேடையில் யாரும் சொல்லவில்லை. மேடையில் இருந்த சிலருடைய வேலையையே அவர் மறுத்திருந்தார் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தண்ணீர் இல்லாத ஆறு, மன்னன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-இல் சாமி திரும்பிவிட்டார். ஆறு மட்டும் திருந்தவில்லை. 2021 நவம்பரில் பாலாறு இரு கரையையும் தொட்டு ஓடியதைப் பார்க்க ஊரே பாலத்தில் கூடியது. அந்தக் கூட்டமே நம் நிலைமையைச் சொல்லிவிடும். ஆற்று மணலில் இறக்கிய கிணறுகள், ஒட்டேரி, பொன்னை, பிறகு மேட்டூரிலிருந்து வந்த காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று எத்தனை வழியில் தண்ணீர் வந்தாலும், கோடையில் தெருக்கோடி வீட்டுக் குழாயில் நூலாகத்தான் விழும். அப்போது வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை வரும்: தெருக்குழாய் இணைப்பிலேயே நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சிவிடலாம்.

இந்த வேலையை மேஸ்திரி ஒருநாளும் செய்ததில்லை. இரட்டைக் கூலி தருகிறேன் என்றவர்களிடமும் செய்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தண்ணீர் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த காரணம். அவர் சொன்னது வேறு. “குழாயில் அழுத்தம் இருக்கும்வரை அதிலுள்ள ஓட்டை தண்ணீரை வெளியே துப்பும். நீங்கள் உறிஞ்ச ஆரம்பித்தால் அதே ஓட்டை வெளியே இருப்பதை உள்ளே குடிக்கும். வெளியே என்ன இருக்கிறது? சாக்கடை.” நம் பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் எவ்வளவு நெருக்கமாகப் போகின்றன என்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. கோடையில் ஒரு தெருவில் மட்டும் வயிற்றுப்போக்கு வந்தால், அந்தத் தெருவில் யார் வீட்டில் மோட்டார் உறிஞ்சுகிறது என்றுதான் அவர் முதலில் விசாரிப்பார்.

மறுத்துவிட்டுப் போய்விடுகிறவராக இருந்திருந்தால் அவருக்குப் பிடிவாதக்காரர் என்ற பெயர்தான் மிஞ்சியிருக்கும். மாற்றையும் சொல்லுவார். தரைக்கு அடியில் ஒரு சம்ப் கட்டு, தண்ணீர் தன் பாட்டுக்கு வந்து விழட்டும், அங்கிருந்து மோட்டார் வைத்து மேல் தொட்டிக்கு ஏற்று. கொசப்பேட்டை, சைதாப்பேட்டைச் சந்துகளில் சம்ப்புக்கு ஏது இடம்? அங்கே வாசற்படியை ஒட்டி இடுப்பளவு குழி எடுத்து, குழாயைத் தெருமட்டத்துக்குக் கீழே இறக்கி, அடியில் ஒரு டிரம்மை வைத்துத் தருவார். இறங்க இறங்கத் தண்ணீர் தானாக வரும். அதற்கு அவர் வாங்கிய கூலி மோட்டார் மாட்டும் கூலியைவிடக் குறைவு. சங்கத்தில் யாராவது ரகசியமாக உறிஞ்சு மோட்டார் மாட்டினால், அடுத்த பெரிய வேலைக்கு அந்த ஆளை அழைக்க மாட்டார்கள். இப்போது அந்த விதியைத் தளர்த்த வேண்டும் என்று பேச்சு எழுந்திருக்கிறது. நாம் மாட்டாவிட்டால் வேறொருவன் மாட்டுவான் என்பது வாதம். அவர் இருந்தபோதும் இதே வாதத்தைச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் பதில்கூடச் சொல்லாமல் டீ சொல்லிவிடுவார்.

சுவரை மூடுவதில்தான் எனக்கும் அவருக்கும் உரசல் வரும். குழாய் போட்டு முடித்ததும் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் அழுத்தமானியின் முள் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான், குழாய்க்காகச் சுவரில் வெட்டிய காடியைப் பூச விடுவார். கொத்தனார் கலவையைக் குழைத்து வைத்துக்கொண்டு திட்டுவார். டைல்ஸ்காரர் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவதாக மிரட்டுவார். வீட்டுக்காரர் புதுமனைப் புகுவிழாவுக்கு நாள் குறித்து அழைப்பிதழும் அடித்திருப்பார். நடுவில் நான். “தம்பி, முகூர்த்தத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த மாதம் சுவர் ஈரமானால் யாரைக் கூப்பிடுவார்கள்? என்னைத்தானே?” என்பார். கோபமே இல்லாமல் சொல்வதுதான் எரிச்சலாக இருக்கும்.

அவர் தொழில் கற்றது துத்தநாகம் பூசிய இரும்பான ஜி.ஐ. குழாய்க் காலத்தில். இருபதடிக் குழாயை வைஸில் இறுக்கி, டை சுற்றி மரை போட்டு, சணலைச் சுற்றி, வெள்ளை லெட் தடவி, ரிஞ்சால் முறுக்க வேண்டும். எத்தனை சுற்றுச் சணல் என்பது கைக்கு மட்டுமே தெரியும். அதனால் சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் குழாய் வந்தபோது, “பசை தடவி ஒட்டுவதெல்லாம் ஒரு வேலையா?” என்று பல வருடம் தொடவே இல்லை. இந்த விஷயத்தில் அவர் செய்தது தவறுதான். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீருக்கு ஜி.ஐ. தாக்குப்பிடிக்காது. பழைய வீடுகளில் கழற்றிய அரை இன்ச் குழாயை வெட்டிப் பார்த்தால், துருவும் உப்பும் ஏறி, பென்சில்கூட நுழையாது. அப்படி வெட்டிய துண்டுகள் அவருடைய வாசலிலேயே குவிந்த பிறகுதான் மாறினார். மாறியபின் பசை வேலையிலும் அதே கண்டிப்பு. குழாய் முனையைப் பிசிறு நீக்கித் துடைக்காமல் பசை தொட்டால் அந்தப் பையனுக்கு அன்று முழுக்கக் காடி வெட்டும் வேலைதான்.

செப்டிக் டேங்க் பற்றி அவரிடம் பேச்சுக்கே இடமில்லை. மனிதர்களைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொன்னது. மேஸ்திரி அதற்கெல்லாம் வெகுமுன்பே தன் ஆட்கள் யாரையும் இறங்க விட்டதில்லை. அடைப்பு என்றால் மேலே நின்றபடி எடு, இல்லையென்றால் லாரியைக் கூப்பிடு. “கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து வைத்துவிட்டால் நாற்றம் போய்விடும் மேஸ்திரி” என்று சொன்ன ஒரு பையனை அவர் திட்டியதைக் கேட்டிருக்கிறேன். அழுகிய முட்டை வாடை வீசும் அந்த வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போகும். வாடை தெரியவில்லை என்பது வாயு போய்விட்டதற்கு அடையாளம் இல்லை. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. அந்த வாயு இருப்பதைச் சுடர் காட்டாது. மீத்தேன் இருந்தால் தீயே பிடித்துவிடும்.

இன்னொரு பழக்கம் எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. வெளிமாநிலத்திலிருந்து சிகிச்சைக்கு வருபவர்கள் தங்கும் லாட்ஜுகளில் பராமரிப்பு வேலைக்குப் போனால், பூட்டிக் கிடக்கும் அறைகளையும் திறக்கச் சொல்லி, குளியலறைத் தரை வடிகாலுக்கு அடியில் வளைவாக இருக்கும் நஹானி டிராப்பில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவார். வளைவில் தண்ணீர் நின்றால்தான் கழிவுக் குழாயின் காற்று அறைக்குள் வராது. நாள்கணக்கில் யாரும் குளிக்காத அறையில் அது காய்ந்துவிடும். 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் தொற்றியபோது, காய்ந்துபோன தரை வடிகால்கள் வழியாகவும் கிருமி பரவியது என்று விசாரணையில் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு அவரிடம் போய்ச் சொன்னேன். ஹாங்காங் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பிறகு, எத்தனை மாடி என்று கேட்டார். முப்பதுக்கும் மேல் என்றதும், “அப்படியானால் வென்ட் குழாய் எப்படிக் கொண்டுபோயிருப்பார்கள்?” என்று ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் அமைந்தது. அதில் பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் உதவி உண்டு என்பது கையாள் பையன்கள் பலருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேஸ்திரி விண்ணப்பங்களோடு உட்கார்ந்துவிடுவார். எழுதுவது அவருடைய மகள். மிரட்டிக் கையெழுத்து வாங்குவது அவர்.

இவ்வளவு கவனமான மனிதர் ஒன்றை மட்டும் செய்யவில்லை. எந்த வீட்டில் எந்தச் சுவருக்குள் எந்த உயரத்தில் குழாய் போகிறது என்பதை எதிலும் குறித்து வைக்கவில்லை. எல்லாம் மனப்பாடம். யாராவது அலமாரி மாட்ட ஆணி அடிக்கப்போனால் அவருக்குப் போன் செய்வார்கள். அவரும் இருந்த இடத்திலிருந்தே, “ஜன்னலுக்கு வலப்பக்கம் ஒரு ஜாண் விட்டு அடியுங்கள்” என்பார். பூசுவதற்கு முன் நான் போனில் படம் எடுப்பதைக்கூட வேலையில் நம்பிக்கை இல்லாதவன் செய்வதாகத்தான் பார்த்தார்.

அதனால் இப்போது அவரிடம் நெடுநாள் இருந்த மூத்த பிளம்பரும் நானும், அவர் குழாய் போட்ட வீடுகளுக்குப் போய், குழாய்கள் எங்கே நுழைகின்றன, எங்கே வெளிவருகின்றன என்று பார்த்து, காகிதத்தில் வரைந்து வீட்டுக்காரரிடம் ஒரு பிரதி கொடுத்து வருகிறோம். காந்தி நகரில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. சத்துவாச்சாரியில் நிறைய பாக்கி. அங்கே சிலர் எங்களை உள்ளேயே விடுவதில்லை. மேஸ்திரி போட்ட லைன் கசியாது, வரைபடம் எதற்கு என்று வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.