கதிர்வீச்சுக்கு முன் குடலை மேலே ஏற்றி வைக்கும் லேப்ராஸ்கோப்பி

கருப்பையை எடுத்தவர்களுக்கு இடுப்புக்குழியில் கதிர்வீச்சு கொடுக்கும்போது பெரிய தலைவலி சிறுகுடல்தான். காலியான இடத்தில் அது சரிந்து விழும். பழைய தையலோடு ஒட்டிக்கொண்டால் அசையவே அசையாது. வழக்கமான அளவு 45 முதல் 50.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), நாளுக்கு 1.8 வீதம். அசையும் குடலில் தினமும் வேறு வேறு வளையம் அடிபடும். ஒட்டிய வளையம் 25 முதல் 28 நாளும் அடி வாங்கும். சுருக்கமும் அடைப்பும் மாதங்கள், வருடங்கள் கழித்துத்தான் தெரியவரும்.

எல்லோருக்கும் கத்தி வைக்க வேண்டாம். முதலில் சிறுநீர்ப்பையை நிரப்பி, வயிறு தொங்கப் பள்ளமிட்ட பலகையில் குப்புறப் படுக்கவைத்து சிடி எடுங்கள். குடல் இருக்கும் பகுதியில் 45 கிரே வாங்கும் கனஅளவு 195 சிசிக்குள் அடங்கினால் பெரும்பாலும் அதுவே போதும். அடங்காவிட்டால்தான் லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியாகக் கேமரா வைத்துச் செய்யும் அறுவை.

தலைப்பக்கம் தாழ்த்திப் படுக்கவைத்து, முதல் வேலையாக ஒட்டுதல்களைப் பிரிக்க வேண்டும். குடலோரம் கத்தரிக்கோல் மட்டுமே. கரண்ட் சூட்டில் வெட்டினால் அன்று ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத் துளை விழும். ஓமென்டம் (குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரை) தாராளமாக இருந்தால் இடப்பக்க ரத்தக்குழாயில் உயிரோடு வைத்து, இடது பெருங்குடல் ஓரமாக இறக்கிக் குழியை நிரப்பலாம். எங்கள் முதல் தேர்வு அதுதான். அந்நியப் பொருள் எதுவும் உள்ளே போவதில்லை. மெலிந்தவர்களுக்கும், சினைப்பைப் புற்றுநோய்க்காக ஓமென்டத்தை ஏற்கெனவே எடுத்தவர்களுக்கும் இது நடக்காது.

அவர்களுக்குக் கரையும் பாலிகிளாக்டின் வலை. பின்னால் சேக்ரம் எலும்பின் மேல்விளிம்பு, பக்கங்களில் இடுப்புக்குழியின் விளிம்பு, முன்னால் வயிற்றுச் சுவர் என்று தொட்டில்போல் கட்டுவது. பக்கத் தையல் பெரிட்டோனியத்தை (வயிற்றின் உட்சவ்வு) மட்டும் பிடிக்க வேண்டும். ஆழமாகப் போனால் சிறுநீரகக் குழாயோ இடுப்பின் இலியாக் ரத்தக்குழாயோ மாட்டும். வலை தோற்பது பெரும்பாலும் ஓரத்தில்தான். சிக்மாய்டு (பெருங்குடலின் கடைசி வளைவு) இறங்கும் இடத்தில் இறுக்கினால் பெருங்குடல் அடைக்கும், தளர்த்தினால் சிறுகுடல் நழுவி உள்ளே மாட்டிக்கொள்ளும். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாவிட்டால் அன்றே சிடி எடுக்க வேண்டும், காத்திருக்கக் கூடாது.

ஓரங்களில் டைட்டானியம் கிளிப் வைத்தால் வலை எங்கே நிற்கிறது என்பது படத்தில் தெரியும். பழைய சிடியை நம்பாமல் புதிதாக எடுத்துத்தான் திட்டம் போட வேண்டும். வலை இரண்டு மூன்று மாதத்தில் கரைந்துவிடும், பலம் அதற்கும் முன்பே குறையத் தொடங்கும். சிகிச்சைக்கே ஐந்து முதல் ஆறு வாரம் ஆகும். அதனால் காயம் ஆறியதும் தொடங்க, கதிர்வீச்சுத் தேதியை அறுவைக்கு முன்பே வாங்கி வையுங்கள்.