பழைய சுரங்கத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் படிவு எடுக்கும்போது

கைவிடப்பட்ட ஈய, துத்தநாகச் சுரங்கத்துக்குக் கீழே ஓடும் ஓடையில் ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு சோதித்துவிட்டு, ‘வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்று முடிவு கட்டுவது பெரிய தவறு. அந்தத் தண்ணீர் அன்றைய நிலையை மட்டும்தான் சொல்லும். பல பத்தாண்டுகளாக வந்து சேர்ந்த உலோகம் ஓடையின் அடியில், நுண்படிவில் கிடக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் கோர் டி'அலீன் ஆற்றுப் படுகையில் அன்னப்பறவைகள் ஈய நஞ்சால் சாவது தண்ணீரைக் குடித்து அல்ல. கிழங்கையும் வேரையும் தேடிச் சேற்றைக் கிளறும்போது ஈயம் கலந்த படிவையும் சேர்த்து விழுங்குகின்றன. இத்தனைக்கும் அங்கே சுரங்கக் கழிவை ஆற்றில் விடுவது 1968-லேயே நின்றுவிட்டது.

உலோகம் ஏன் நுண்படிவில் சேருகிறது? கழிவுக் குவியலில் உள்ள பைரைட் என்ற இரும்பு சல்பைடு கனிமம், காற்றும் நீரும் பட்டுச் சிதைந்து கந்தக அமிலத்தையும் கரைந்த இரும்பையும் தருகிறது. நல்ல நீர் கலந்து அமிலம் குறையும் இடத்தில் அந்த இரும்பு ஆரஞ்சு நிறச் சேறாகக் கல்லின் மேல் படிகிறது. விரலால் வழித்தால் குழம்பு போல வரும் அந்தச் சேறுதான் மற்ற உலோகங்களைப் பிடித்து வைக்கும் பசை. ஈயம் பிஎச் (அமிலத்தன்மை அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5-ஐ ஒட்டியே நன்றாக ஒட்டிக்கொள்ளும், அதையடுத்துத் தாமிரம். துத்தநாகமும் காட்மியமும் ஒட்ட பிஎச் 7-ஐ நெருங்க வேண்டும். அதனால் கரைந்து வரும் ஈயம் பெரும்பாலும் சுரங்கத்துக்கு அருகிலேயே அடங்கிவிட, துத்தநாகமும் காட்மியமும் வெகுதூரம் இறங்கிப் போகின்றன. சுரங்கத்தை ஒட்டிய நான்கு இடத்தில் மட்டும் படிவு எடுத்தால் காட்மியம் கண்ணில் படாமலே போகும்.

மாதிரி எடுப்பதைக் கீழிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போங்கள். நீங்கள் கலக்கிய சேறு அடுத்த மாதிரியில் விழாது. சுரங்கத்துக்கு மேலே, அதே வகைப் பாறையில், ஒப்பீட்டு இடம் ஒன்று கட்டாயம் வேண்டும். தாதுப் பாறை இயற்கையாகவே உலோகம் மிகுந்தது; ஒப்பீடு இல்லாத எண்ணை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஒவ்வோர் இடத்திலும் ஏறக்குறைய 50 மீட்டர் நீளத்துக்குள் 5 முதல் 10 புள்ளிகளில், மேல் சில சென்டிமீட்டர் படிவை மட்டும் அள்ளி ஒன்றாகக் கலக்குங்கள். இடிந்து விழுந்த கரைமண் வேண்டாம். பெரிய கல்லின் பின்புறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். ஈயத் தாதுவான கலீனாவின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.5 கிராம், சாதாரண மணலில் உள்ள குவார்ட்ஸுக்கு 2.65; கனமான தாதுத் துகள் அங்கேதான் பதுங்கும். அப்படி ஒரு துகள் மாதிரியில் விழுந்தாலே ஈய அளவு எகிறிவிடும்.

நுண்படிவை மட்டும் பிரிக்க, சல்லடை 63 மைக்ரான் நைலான் வலையாக இருக்கட்டும். பித்தளைச் சல்லடை தாமிரத்தையும் துத்தநாகத்தையும் தானே சேர்க்கும். துத்தநாகம் பூசிய வாளி, கைமோதிரம், தோலில் தடவிய துத்தநாக ஆக்சைடு களிம்பு எல்லாமே இதே வம்புதான். ஓடை நீரையே ஊற்றிச் சலியுங்கள். சலித்த நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். பலரும் கோட்டை விடுவது இதற்கு அடுத்த படியில்தான். 20 நிமிடம் தெளியவிட்டு மேல்நீரைக் கொட்டிவிடுகிறார்கள். 2 மைக்ரான் களிமண் துகள் 10 செ.மீ. இறங்க ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். கொட்டிய கலங்கல் நீரோடு உலோகம் அதிகமுள்ள பங்கும் போய்விடும். கலங்கலை முழுவதும் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்து, இரவு முழுக்கத் தெளியவிடுங்கள். 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் உலர்த்தாதீர்கள், பாதரசம் ஆவியாகிவிடும்.

கையடக்க எக்ஸ்-கதிர் கருவி, உலர்ந்து அரைத்த மாதிரியில் ஈயத்தையும் துத்தநாகத்தையும் நன்றாகவே காட்டும். ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் அளவு குறைந்து காட்டும். ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய ஆற்றலில் வெளியிடும் எக்ஸ்-கதிர்க் கோட்டை வைத்தே கருவி அதை அடையாளம் காண்கிறது. ஆர்சனிக்கில் கூடுதல் கவனம் வேண்டும்: அதன் முதன்மைக் கோடு 10.54, ஈயத்தினுடையது 10.55 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஈயம் ஆர்சனிக்கைப் போல் 10 மடங்குக்கு மேல் இருந்தால் அந்த ஆர்சனிக் எண்ணை நம்பாதீர்கள்.

ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கரைத்துப் பெறும் மொத்த அளவு, ஆபத்தைப் பாதிதான் சொல்லும். எவ்வளவு எளிதில் கழன்று வரும் என்று அறிய, படிப்படியான பிரித்தெடுப்பு செய்ய வேண்டும். முதல் படியில் 1 கிராம் படிவை 40 மி.லி. 0.11 மோலார் அசிட்டிக் அமிலத்தில் 16 மணி நேரம் குலுக்குவார்கள். இதில் வருவது நீர் சற்று அமிலமானாலே கழன்றுவிடும் பங்கு. இரண்டாம் படியில் ஹைட்ராக்சிலமின் ஹைட்ரோகுளோரைடு, இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் பிடித்து வைத்திருப்பதை விடுவிக்கும். மூன்றாவது ஹைட்ரஜன் பெராக்சைடு. கரிமப் பொருளிலும் சல்பைடிலும் உள்ளது வெளிவரும். அழுகிய முட்டை நாற்றமுள்ள கறுப்புச் சேறாக இருந்தால் காற்றே படக் கூடாது. சல்பைடு ஆக்சிஜனேற்றம் அடைந்து, மூன்றாம் படியில் வர வேண்டிய உலோகம் முதல் இரண்டு படிகளுக்கு இடம் மாறிவிடும்.

ஒப்பிட 2000-இல் மெக்டொனால்டு குழுவினர் தொகுத்த நன்னீர்ப் படிவு அளவுகள் உதவும். கிலோவுக்கு மில்லிகிராமில், பாதிப்பு அரிதாக இருக்கும் கீழ் அளவு ஈயத்துக்கு 35.8, துத்தநாகத்துக்கு 121, காட்மியத்துக்கு 0.99. பாதிப்பை எதிர்பார்க்க வேண்டிய மேல் அளவு முறையே 128, 459, 4.98. இவை முழுப் படிவுக்கானவை. சலித்த 63 மைக்ரான் பங்கை இவற்றோடு நேரடியாக ஒப்பிட்டால் நிலைமை உள்ளதைவிட மோசமாகத் தெரியும். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் சலிக்காத மாதிரி ஒன்றையும் தனியே எடுத்து வையுங்கள்.

பெருவெள்ளம் வந்துபோனால் பழைய வரைபடத்தை ஒதுக்கிவிட்டு மீண்டும் மாதிரி எடுக்க வேண்டும். வெள்ளம் கரையை அரித்து, புதைந்து கிடந்த பழைய கழிவை மறுபடி ஓடையில் சேர்த்திருக்கும். கரையின் வெட்டுமுகத்தில் சாம்பல் நிறத்திலோ ஆரஞ்சு நிறத்திலோ மெல்லிய அடுக்கு தெரிந்தால், ஒவ்வோர் அடுக்கையும் கலக்காமல் தனித்தனியாகச் சுரண்டி எடுங்கள்.