எடையைப் பார்த்துக் கார் வாங்கினேன்

கார் வாங்கப் போகிறேன் என்றதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மைலேஜ் வேண்டுமா, ஓட்ட நன்றாக இருக்க வேண்டுமா?" ஏதாவது ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்கிற தொனி அதில் இருந்தது. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது. தினமும் நெரிசலில் அலுவலகம் போய்வர வேண்டும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் நீண்ட பயணம் உண்டு. அம்மாவுக்கு மூட்டு வலி, மகளுக்கு சைல்டு சீட். இத்தனைக்கும் ஈடுகொடுத்து, ஒரு நல்ல வளைவில் திரும்பும்போது வண்டி சொன்னபடி கேட்கிறது என்கிற சந்தோஷமும் வேண்டும்.

தேட ஆரம்பித்தபோது எல்லோரையும் போல நானும் குதிரைத்திறன், மைலேஜ், அம்சங்கள் என்று பட்டியல் போட்டுத்தான் ஒப்பிட்டேன். கொஞ்ச நாளிலேயே என் கண் வேறொரு எண்ணுக்குப் போனது. விளம்பரத்தில் வராது, சில கையேடுகளில் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்: வெறும் வண்டியின் எடை. நல்ல மைலேஜும் ஓட்டும் சுகமும் ஒரே காரணத்தால் கிடைக்கின்றன என்பது அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

காரணம் எளிது. சிக்னலில் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் எஞ்சின் அந்த எடை முழுவதையும் மறுபடி வேகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்த சிக்னலில் பிரேக் பிடித்தால் அந்த உழைப்பெல்லாம் பிரேக் தட்டில் சூடாகிப் போய்விடும். எடை எவ்வளவோ, வீணாவதும் அவ்வளவு. ஒரு சின்ன ஹேட்ச்பேக் 950 கிலோ, அதே நீளத்துக்கு உயரமாகக் கட்டிய எஸ்.யு.வி. 1250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 300 கிலோ. வண்டி காலியாக இருக்கும்போதும் நாலு பெரியவர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டுவது போல. வளைவில் திருப்பும்போது டயர் தாங்க வேண்டியதும், பிரேக் பிடிக்கும்போது நிறுத்த வேண்டியதும் அதே 300 கிலோதான். எடை குறைந்தால் சின்ன எஞ்சின் போதும், குறுகலான டயர் போதும், ஸ்பிரிங்கையும் கல் மாதிரி இறுக்க வேண்டியதில்லை. இதெல்லாம் பெட்ரோலையும் மிச்சப்படுத்துகிறது, ஓட்டவும் நன்றாக இருக்கிறது.

"லேசான வண்டி பாதுகாப்பா?" என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. கனமான வண்டியும் லேசான வண்டியும் மோதினால் லேசான வண்டியில் இருப்பவர்களுக்குத்தான் அதிர்ச்சி அதிகம்; இயற்பியல் அப்படி, அதை மறுக்க முடியாது. அதனால் 6 ஏர்பேக், வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈ.எஸ்.சி., சைல்டு சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று இல்லாத மாடலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம். மோதல் சோதனை அறிக்கைகளில் மொத்த நட்சத்திரத்தோடு நிற்காமல், பெரியவர்களுக்கு எவ்வளவு, குழந்தைகளுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக இருப்பதையும் படித்தோம். இந்த இடத்தில் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

அடுத்து மைலேஜ் கணக்கு. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பார்க்கும் பழக்கம் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றும். ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 10 கொடுத்தால் 1,000 லிட்டர் ஆகும். 15 கொடுத்தால் 667, 20 கொடுத்தால் 500, 25 கொடுத்தால் 400. பத்திலிருந்து பதினைந்துக்கு ஏறும்போது 333 லிட்டர் மிச்சம். இருபதிலிருந்து இருபத்தைந்துக்கு ஏறும்போது அதே 5 கிலோமீட்டர் கூடியும் 100 லிட்டர்தான். இந்தக் கணக்கைப் போட்டபிறகு, 20-க்கும் 22-க்கும் நடுவில் மண்டையை உடைத்துக்கொள்வதை விட்டேன். அந்த வித்தியாசம் வருடத்துக்கு 45 லிட்டர். ஓட்டப் பிடித்த வண்டிக்காக அதை மனசாரக் கொடுக்கலாம்.

நிறுவனம் சொல்லும் மைலேஜ் ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி அளந்தது. ஐரோப்பாவில் 2017 முதல் வந்த டபிள்யூ.எல்.டி.பி. சோதனை 30 நிமிடம், சுமார் 23 கி.மீ. ஓடுகிறது, அதற்கு முன்பிருந்த சோதனை 20 நிமிடம், 11 கி.மீ. மட்டுமே. புதியது நிஜத்துக்கு எவ்வளவோ நெருக்கம். எந்தச் சோதனை முறையில் வந்த எண் என்று தெரியாமல் இரண்டு வண்டிகளை ஒப்பிடாதீர்கள். ஒரே சோதனையில் வந்த எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

சரி, வண்டிகளுக்கு வருவோம். டொயோட்டா யாரிஸ் ஹைப்ரிட், ஹோண்டா ஜாஸ், மாஸ்டா 2, சுசுகி ஸ்விஃப்ட் ஆகிய நாலும் கடைசிவரை நின்றன.

நெரிசலில் யாரிஸ் ஹைப்ரிட்டை மிஞ்ச முடியாது. பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் அதில் உண்டு. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஊர்ந்து போகும்போது எஞ்சின் பாதி நேரம் அணைந்தே கிடக்கும். என் ஓட்டம் முழுக்க நகரத்துக்குள்ளேயே என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுத்திருப்பேன். ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் போகும்போது பிரேக்குக்கு வேலை இல்லை, அதனால் ஹைப்ரிட்டின் அனுகூலமும் அங்கே சுருங்கிவிடும். இன்னொன்று என் சொந்த ருசி: எனக்குக் கியர் மாற்ற வேண்டும். அதில் மாற்ற ஒன்றும் கிடையாது.

ஜாஸைப் பற்றி ஒரு பத்தியாவது தனியாகச் சொல்ல வேண்டும். 2001-இல் முதல் தலைமுறை வந்தபோதே பெட்ரோல் டேங்கைப் பின் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து முன் சீட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். அதனால் பின்பக்கத் தரை தாழ்ந்து தட்டையாக இருக்கிறது. பின் சீட்டின் அடி மெத்தையை, சினிமா தியேட்டர் நாற்காலியை மடக்குகிற மாதிரி மேலே தூக்கி நிறுத்தலாம். மகளின் சைக்கிளைப் பின் கதவு வழியாக நேராக நிறுத்தி ஏற்றிப் பார்த்தேன்; சாய்க்காமலே நின்றது. சின்னக் காரில் இடத்தை இவ்வளவு புத்தியோடு கையாண்டதை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. சாமான் ஏற்றுவதுதான் முக்கியம் என்பவர்கள் மேலே படிக்கவே வேண்டாம், போய் இதை ஒரு முறை தூக்கிப் பாருங்கள்.

மாஸ்டா 2 ஓட்டுநருக்காகவே செய்த வண்டி. ஆக்சிலரேட்டர் பெடல் மேலிருந்து தொங்காமல் தரையில் கீல் வைத்திருக்கும்; குதிகாலும் பெடலும் ஒரே வட்டத்தில் நகர்வதால் நீண்ட தூரத்தில் கால் சோர்வதில்லை. ஸ்டீயரிங் எனக்கு மிகவும் பிடித்தது. பின் சீட்டில் அம்மாவை உட்காரவைத்ததும் முடிவு தெரிந்துவிட்டது. முழங்காலை மடக்கி உள்ளே இழுக்கச் சிரமப்பட்டார். நான் தனி ஆளாக இருந்திருந்தால் கதையே வேறு.

டெஸ்ட் டிரைவ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முடிவு உண்மையில் அங்கேதான் நடக்கிறது. ஷோரூம்காரர்கள் பெரும்பாலும் ஒரு வழி வைத்திருப்பார்கள்: நல்ல சாலை, இரண்டு வலது திருப்பம், திரும்பி வந்து காபி. ஒரு இடத்தில் விற்பனையாளர் "சார், இந்த ரூட்லயே போயிடலாம்" என்றார். நான், "இல்லைங்க, குழி விழுந்த சாலை ஒன்று, ஏற்றம் ஒன்று, யு-டர்ன் ஒன்று, இது மூன்றும் எனக்கு வேண்டும்" என்றேன். கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

வண்டியைக் கிளப்பும் முன் சீட்டைச் சரிசெய்ய நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளட்சை முழுக்க மிதித்தபோதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். தோள்பட்டை சீட்டை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும். இது அமையாத வண்டியில் எவ்வளவு நல்ல எஞ்சின் இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் முதுகு சொல்லிவிடும். கண்ணாடிக்கு ஓரத்தில் இருக்கும் தூண் எவ்வளவு பருமன் என்றும் பாருங்கள். சில வண்டிகளில் சந்திப்பில் திரும்பும்போது நடந்து வருபவர் முழுசாக அதன் பின்னால் மறைந்துவிடுகிறார்.

ஓட்ட ஆரம்பித்ததும் ஆடியோவை அணைக்கச் சொல்லுங்கள். இரண்டாம் கியரில் 20 கி.மீ. வேகத்தில் போய், மெதுவாக ஆக்சிலரேட்டரைக் கொடுத்துப் பாருங்கள். திணறாமல், உதறாமல் இழுத்தால் நெரிசலில் கியர் மாற்றி மாற்றிக் கை ஓயாது. அப்புறம் மூன்றாம் கியரில் ஒரு லாரியை முந்துகிற அளவுக்கு மிதித்துப் பாருங்கள். காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ வைத்த சின்ன எஞ்சின்களில் இந்த இடத்தில்தான் ஒரு கணம் தயக்கம் தெரியும். டர்போ சுழன்று எழுந்ததும் குபீரென்று இழுக்கும். சிலருக்கு அந்த இழுப்புதான் சுகம். எனக்குக் கால் அழுத்திய அளவுக்கு, அழுத்திய உடனே வர வேண்டும். தவிர, டர்போவை அடிக்கடி விரட்டினால் சொன்ன மைலேஜில் பாதி தூரம்கூட வராது என்று சொல்லும் நண்பர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். ஆனால் காற்றை அதிகம் திணித்தால் பெட்ரோலும் அதற்கேற்ப அதிகம் போக வேண்டும் என்பது உண்மை.

ஆட்டோமேட்டிக் வகைகளில் ஒரு சி.வி.டி. வண்டி, அதாவது கியர் படிகளே இல்லாமல் விகிதம் தொடர்ந்து மாறும் வகை, ஓட்டினேன். நெரிசலில் வழுக்கிக்கொண்டு போனது, அருமை. ஏற்றத்தில் அழுத்தினால் எஞ்சின் சத்தம் முதலில் உச்சத்துக்குப் போய் நின்றுகொள்ள, வேகம் பின்னால் மெல்ல வந்தது. காதும் காலும் ஒத்துப்போகவில்லை. மேனுவலில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம்: இறக்கத்தில் கியரில் வைத்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் உருட்டினால் மிச்சம் என்று நினைக்கிறவர்கள் இன்னும் நிறைய பேர். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக்கொண்டே இருக்கும், பிரேக்குக்கும் சுமை.

கடைசியில் ஸ்விஃப்ட். 2023 இறுதியில் அறிமுகமான நாலாம் தலைமுறை; 1.2 லிட்டர், 3 சிலிண்டர், டர்போ இல்லாதது, 5 கியர் மேனுவல். எண்ணாகப் பார்த்தால் 82 குதிரைத்திறன் பெரிதாகத் தெரியாது. வண்டி ஒரு டன்னுக்கும் குறைவு என்பதால் அது போதுமானதாக இருக்கிறது. நீளம் 3.86 மீட்டர், திரும்பும் ஆரம் 4.8 மீட்டர். நான் கேட்ட யு-டர்னில் மற்ற வண்டிகளில் ஒன்று பின்வாங்கித் திரும்பியது, இது ஒரே வீச்சில் வந்துவிட்டது. குழிச் சாலையில் கொஞ்சம் தட்டுப்படத்தான் செய்கிறது. ஆனால் ஒரு வளைவில் இரண்டாம் கியரில் திருப்பி, மெதுவாக அழுத்திக்கொண்டு வெளியே வந்தபோது முன்பக்கம் எங்கே போகிறது என்று ஒவ்வொரு அங்குலமும் தெரிந்தது. அந்த வளைவின்போது வேகம் 40-கூட இருக்காது. சட்டம் அனுமதிக்கிற வேகத்துக்குள்ளேயே வண்டியை முழுசாக அனுபவிக்க முடிகிறது. சின்ன வண்டியில் எனக்குப் பிடித்ததே இதுதான்.

டிக்கி 265 லிட்டர். ஜாஸைப் பார்த்த கண்ணுக்குச் சின்னதுதான். எண்ணை நம்பாமல் வீட்டுப் பெட்டிகளையே எடுத்துப் போனோம்: ஒரு பெரிய பெட்டி, இரண்டு பை, மகளின் மடக்கு வண்டி. அடுக்கியதும் மூடியது. அம்மா பின் கதவைத் திறந்து ஏறி இறங்கிப் பார்த்து, "பரவாயில்லைப்பா, தலை இடிக்கலை, கால் நீட்ட முடியுது" என்றார். அதற்குமேல் எனக்கு ஒப்பீடு தேவைப்படவில்லை.

நிறம், திரை, ஸ்பீக்கர் இதெல்லாம் மனைவியும் மகளும் பேசி முடித்துக்கொண்டார்கள்.

நான் பிடிவாதமாக நின்றது டயரில். பெரிய அலாய் சக்கரம் போட்டால் பார்க்க அழகு. ஆனால் சக்கரம் பெரிதாக ஆக ரப்பர் பக்கச்சுவர் குட்டையாகும். குழியில் அடி நேராக வளையத்துக்குப் போகும், பெரும்பாலும் எடையும் கூடும். நான் எடுத்தது 185/65 ஆர்15. அகலம் 185 மி.மீ., அதில் 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ. உயரத்துக்குப் பக்கச்சுவர்; ஆர்15 என்பது 15 அங்குல வளையம். சஸ்பென்ஷனில் பாதி வேலையை அதுவே செய்துவிடுகிறது. வண்டியைக் கையில் வாங்கும் அன்று டயர் ஓரத்தில் இருக்கும் நாலு இலக்கத்தையும் பார்த்துவிடுங்கள். 1525 என்றிருந்தால் 2025-இன் 15-ஆவது வாரத்தில் தயாரான டயர். நாலு டயரும் ஸ்டெப்னியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இருக்க வேண்டும். ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் கிட் மட்டும்தானா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது.

முதல் 1,000 கி.மீ. வரை எஞ்சினை விரட்டவும் இல்லை, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டவும் இல்லை. அதன் பிறகு மைலேஜைத் திரையில் பார்க்காமல், டேங்கை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பிக் கணக்கிடுகிறேன். நகர நெரிசலில் லிட்டருக்கு 16 வருகிறது. நெடுஞ்சாலையில் 80-90-க்குள் போனால் 22 தொடுகிறது, 110-க்கு ஏற்றினால் 18-க்கு இறங்கிவிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், 80-இல் இருப்பதைவிட 110-இல் கிட்டத்தட்ட இரு மடங்கு ஆகிறது. டயர் காற்றை ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுக்கு, வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது அடிக்கிறேன். குடும்பத்தோடு சாமானும் ஏற்றிக் கிளம்புகிற நாளில் அதே தாளில் முழுச் சுமைக்கென்று தனியாக ஒரு அளவு இருக்கிறது, அன்றைக்கு அதுதான்.