பன்னிரண்டு துண்டு வானமும் தெற்கே போன துருவ நட்சத்திரமும்

வானத்தில் எந்தப் பக்கம் நட்சத்திரம் அதிகம் என்று ஒரு படம் போட ஆசை. ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் அளந்த நட்சத்திரங்களின் அட்டவணையை இறக்கினேன். 1,18,218 வரிகள், அதில் 263-க்கு இருப்பிடம் இல்லை, தள்ளினால் 1,17,955.

முதலில் வல ஏற்றம், நடுவரை விலக்கம் (வானத்தின் தீர்க்கரேகை, அட்சரேகை மாதிரி) இரண்டையும் ஐந்தைந்து டிகிரிக் கட்டமாகப் பிரித்து எண்ணினேன். இரண்டு துருவமும் வெறிச்சோடிக் கிடந்தன. வானத்தின் மேல் பழி போட வழியில்லை, நடுவரையை ஒட்டிய கட்டம் சுமார் 25 சதுர டிகிரி, துருவத்தை ஒட்டியதோ ஆரஞ்சுச் சுளையின் நுனி மாதிரி ஒடுங்கி 1.1 சதுர டிகிரி. பரப்பால் வகுத்துச் சரிக்கட்டலாம்தான், ஆனால் ஒரு கட்டத்தில் மூன்றே நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன அடர்த்தி சொல்ல?

சரி என்று ஹீல்பிக்ஸுக்கு மாறினேன். கோளத்தைச் சம பரப்புள்ள 12 துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நந்நான்காகப் பிளந்துகொண்டே போகும் முறை. பிக்சல்களின் மையங்கள் அட்சரேகை மாதிரியான வளையங்களில் வரிசையாக உட்காரும்; அண்டப் பின்னணிக் கதிர்வீச்சை ஆராய்கிறவர்களுக்கு அதனால்தான் கணக்கு வேகமாக முடிகிறது. ஒரு துண்டின் பக்கத்துக்கு எத்தனை பிக்சல் என்பதுதான் என்சைடு. அந்தக் கதிர்வீச்சை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் வரைபடங்கள் என்சைடு 2048, ஐந்து கோடிக்கு மேல் பிக்சல். எனக்கு 16 போதும்: 12×16×16, ஆக 3072 பிக்சல், ஒன்றுக்குச் சராசரி 38 நட்சத்திரம்.

படம் வந்தது, பால்வீதியும் மங்கலாகத் தெரிந்தது, ஆனால் ஏதோ இடித்தது. சோதிக்கத் துருவ நட்சத்திரத்தை மட்டும் அனுப்பினேன். பிக்சல் எண் வடதுருவத்தில் தொடங்கும், அதனால் 0 வர வேண்டும், வந்தது 3068, அதாவது தென்துருவத்து வளையம்! ஹீல்பிக்ஸுக்கான பைத்தான் நிரலகம் ஹீல்பை; அதில் தீட்டா என்பது வடதுருவத்திலிருந்து அளக்கிற கோணம். நான் 90-லிருந்து விலக்கத்தைக் கழிக்காமல் கூட்டியிருக்கிறேன். பிழைச் செய்தியே வராது, ஏனென்றால் அதுவும் 0 முதல் 180-க்குள்தான் விழும், வானம் மட்டும் தலைகீழாகிவிடும். ஒரு சாயங்காலம் முழுக்கப் போச்சு. ரேடியனில் மாற்றுவது, கழிப்பது எல்லாம் வேண்டாம் என்றால் லான்லாட் என்ற விருப்பத்தை ட்ரூ என்று கொடுத்து டிகிரியை நேரடியாகக் கொடுக்கலாம், இதை அப்புறம்தான் பார்த்தேன்.

அடுத்தது கையா செயற்கைக்கோளின் நட்சத்திரத் தரவு. அதில் நட்சத்திரத்தின் அடையாள எண்ணுக்குள்ளேயே பிக்சல் எண் ஒளிந்திருக்கிறது. 34,359,738,368-ஆல் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்தால் 12-ஆம் நிலைப் பிக்சல் (பன்னிரண்டு முறை பிளந்தது), அதையே நாலால் வகுத்தால் ஒரு நிலை மேலே உள்ள தாய்ப் பிக்சல். இது தாய்ப் பிக்சல்வாரியாக எண்ணும் நெஸ்டட் வரிசை, ஹீல்பை தானாக எடுத்துக்கொள்வது வளையம் வளையமாக எண்ணும் ரிங் வரிசை. நேற்று அதைக் கவனிக்காமல் ஓட்டியதில் வானம் முழுக்கக் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி வந்திருக்கிறது.