நாலில் மூணு பேர்

"குற்றவியல் படிச்சா எஸ்.ஐ. ஆகலாமா?" எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சித்தப்பாவின் முதல் கேள்வி இதுதான். ஆகலாம் சித்தப்பா. ஆனா எங்க வகுப்புல போலீஸைவிட ஜெயிலைப் பத்தித்தான் பேச்சு.

இப்போ ஓடுற பாடம் விசாரணைக் கைதிகள். 2022 கடைசியில இந்தியச் சிறைகள்ல இருந்த சுமார் 5.73 லட்சம் பேர்ல 4.34 லட்சம் பேருக்குத் தீர்ப்பே வரல. விரைவான விசாரணை அடிப்படை உரிமைன்னு ஹுசைனாரா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1979-ல!

2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு நல்லாத்தான் ஆரம்பிக்குது. இதுக்கு முன்னாடி தண்டனையே வாங்காதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்ச தண்டனையில் மூணுல ஒரு பங்கை உள்ளேயே கழிச்சிட்டா ஜாமீன். (ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்குக் கிடையாது.) கோர்ட்டுக்கு எழுத வேண்டியதும் சிறைக் கண்காணிப்பாளர்தான். சரி, அடுத்த வரிக்கு வாங்க: ஒண்ணுக்கு மேற்பட்ட குற்றமோ வழக்கோ நிலுவையில் இருந்தா இந்தச் சலுகை இல்லை. பூட்டை உடைச்சுத் திருடினார்னு எஃப்.ஐ.ஆர். போட்டாலே ரெண்டு பிரிவு வந்துடுமே! ஒரு கையால கொடுத்து மறு கையால பிடுங்குறதுக்கு இதைவிட உதாரணம் வேணுமா?

கட்டுரைக்கு இதைத்தான் எடுத்திருக்கேன். இலவச சட்ட உதவியில் வேலை பார்க்கிற வக்கீல்கள் யாராவது இருந்தா இன்பாக்ஸ் வாங்க, நிறைய கேட்கணும்.