ஊடாங் காலாவுக்குக் காசில்லாத இரை

மலேசியாவில் தெலுக் இந்தான், பெர்ணம் ஆற்றுப் பக்கம் ஊடாங் காலா என்ற பெரிய ஆற்று இறால் பிடிக்கப் போகிறவர்கள் உம்புன் என்ற சேற்றுப் புழுவுக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. முகத்துவாரத்தில் அது நல்ல இரைதான். தோட்டத்தை ஒட்டிய மேலாற்றுக்கு மண்புழு தாராளம்.

செம்பனை மட்டைக் குவியலைப் புரட்டினால் ஈர மண்ணில் புழு கிடைக்கும். மருந்து அடித்த நிரையில் மட்டும் தோண்டாதீர்கள். ஓட்டை போட்ட டின்னில் அதே மண்ணோடு நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

அடுத்தது கோழி இருதயம். கோழி ஈரலையும் இறால் விரும்பும், ஆனால் அது கரைந்துவிடும். முதல் நாளே உப்புப் புரட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் கொஞ்சம் இறுகும். இருதயம் அப்படியே நிற்கும். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக நறுக்கினால் போதும். பலர் கெடுப்பது இங்கேதான்: துண்டு பெரிதானால் இறால் கொடுக்கால் ஓரத்தைக் கிள்ளித் தின்னும், தூண்டில் முள் வாய்க்கே போகாது. சின்ன முள் போதும்; புழுவென்றால் இரண்டு சென்டிமீட்டர் துண்டை, முள் முனை மறையக் கோருங்கள்.

ஈயம் தரையில் படிய வேண்டும். இறால் இரையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்த பிறகே தின்னும். முதல் ஆட்டத்திலேயே வெட்டி இழுத்தால் வெறும் முள்தான் வரும். கயிறு ஒரே பக்கமாக நகரும்வரை பொறுத்து, மெதுவாகத் தூக்குங்கள்.

சின்ன மீன்கள் இரையைத் தின்று தீர்த்தால் இடத்தை மாற்றுங்கள், இரையை அல்ல. வயிற்றில் முட்டையோடு வந்ததை ஆற்றிலேயே விட்டுவிடுங்கள்.